பின்சில்லு உந்தும் சலூனா, முன்சில்லு இழுக்கும் ஹொட் ஹச்சா?

வேகமும் வேண்டும், வீட்டாரை ஏற்றிச் செல்லவும் வேண்டும் என்று கார் தேடுபவர் முன் இரண்டு வகை வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, எஞ்சின் முன்னே இருக்கப் பின்சில்லுகள் உந்தும் நாலு கதவுச் சலூன். பி.எம்.டபிள்யூ 3 வரிசை, மெர்சிடிஸ் சி வகுப்பு, லெக்சஸ் ஐ.எஸ். ஆகியவை இந்த இனம். மற்றது, முன்சில்லுகள் இழுக்கும் சிறிய ஹச்பாக் உடலில் வலுக்கூடிய எஞ்சினைப் பொருத்திய கார். ஹொட் ஹச் என்று கார்ப் பிரியர்கள் சொல்வது இதைத்தான். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ., சுசுகி சுவிஃப்ற் ஸ்போர்ட், ஹொண்டா சிவிக் ரைப் ஆர் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் ஒருவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதே இந்த உரையின் பொருள்.

பின்சில்லு இயக்கம் குடாநாட்டுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பழைய கார்கள் யாவும் அந்த வகையே. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், மொறிஸ் மைனர் என்று எதை எடுத்தாலும் எஞ்சின் முன்னே நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர்ப்பெட்டி. அங்கிருந்து காரின் அடியால் ஒரு நீண்ட தண்டு ஓடிப் பின் அச்சைச் சுழற்றும். 1947இல் வந்த ஏ 40 டெவன் 1200 சி.சி. எஞ்சின் கொண்டது, வலு 40 குதிரை. இன்றைய அளவில் அது மிகச் சிறியது. ஆனால் கலியாண ஊர்வலத்துக்கும், ஆஸ்பத்திரிப் பயணத்துக்கும், வாடகை ஓட்டத்துக்கும் அந்த 40 குதிரைவலு பல பத்தாண்டுகள் போதியதாக இருந்தது.

1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருக்கும் வண்டியைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டபோது டட்சன் சனி, ரொயோட்டா கொறோலா டி.எக்ஸ்., பெட்டி வடிவ லான்சர் முதலிய யப்பானியக் கார்கள் வந்தன. அவையும் பெரும்பாலும் பின்சில்லு வண்டிகளே. போரின் நடுவே 1990இல் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அந்தக் காலத்தில் பழைய ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். இது சாரதிகளின் சாமர்த்தியம். அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7க்கு 1 என்ற அளவை அண்டியது. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காமல் முந்தி வெடிக்கும் எரிபொருள். குறைந்த அமுக்கத்தில் மட்டுமே அதை எரிக்க முடியும். 10க்கு 1 அமுக்கத்தில், கணினிக் கட்டுப்பாட்டில், டேர்போவுடன் ஓடும் இன்றைய எஞ்சினுக்கு அந்தச் சோதனை நடந்திருந்தால் அது ஒரு நாளும் தாங்கியிருக்காது.

பின்சில்லு அமைப்பின் இன்னொரு குணமும் அந்த ஆண்டுகளில் கைகொடுத்தது. எஞ்சின், கியர்ப்பெட்டி, தண்டு, பின் அச்சு எல்லாம் தனித்தனி அங்கங்கள். ஒன்றைத் திருத்த மற்றதைப் பிரிக்க வேண்டியதில்லை. உதிரிப்பாகம் வராத ஊரில், ஒரு கராச்சில் கடைந்தெடுத்த பாகத்தைப் போட்டு வண்டியை ஓட வைக்க இந்த எளிமை பேருதவி. யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாரின் கைத்திறன் பெரும்பாலும் இந்த வண்டிகளின் அடியில் படுத்துப் பழகியதுதான்.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே சிறிய முன்சில்லு வண்டி பரவவும் வழி திறந்தார். 1959 ஓகஸ்ட்டில் வெளிவந்த மினியில் அவர் 848 சி.சி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை எஞ்சினுக்குக் கீழேயே அடக்கினார். பின்னோக்கி ஓடும் தண்டு இல்லாமல் போனது. அதனால் மூன்று மீற்றரளவு நீளமுள்ள காரில் நாலு பேர் வசதியாக இருக்க இடம் கிடைத்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மினி கூப்பர் மொன்ரே கார்லோ றாலியை வென்றபோது, சிறிய முன்சில்லு வண்டி பெரிய வண்டிகளை வளைவுகளில் முந்த முடியும் என்பதை உலகம் கண்டது. 1976இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜி.ரி.ஐ. 1.6 லீற்றர் எஞ்சினில் 110 குதிரைவலு தந்தது. எடையோ 800 கிலோ சொச்சம். ஹொட் ஹச் என்ற இனம் அதோடு நிலைபெற்றது. 1983இல் ரொயோட்டாவும் கொறோலாச் சலூனை முன்சில்லுக்கு மாற்றியது.

இனி, இரண்டும் ஓடும் விதம். காரின் வேகத்தைக் கூட்டும்போது அதன் பாரம் பின்பக்கம் சாயும். பின்சில்லு வண்டியில் உந்தும் சில்லுகளும் அங்கேதான் இருப்பதால், பாரம் அவற்றை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கும். முன்சில்லுகளுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். அதனால் ஸ்ரியரிங் கையில் தெளிவாகப் பேசும். இந்தத் தெளிவை ஒருமுறை அனுபவித்தவர் அதை எளிதில் விடமாட்டார். அது நியாயமான ஆசை. முன்சில்லு வண்டியிலோ, இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் ஒரே இரண்டு ரயர்களின் தலையில் விழுகின்றன. வளைவில் அளவுக்கு மீறி மிதித்தால் கார் வளைய மறுத்து நேரே தள்ளிக்கொண்டு போகும். வலுக்கூடிய எஞ்சின் என்றால் ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுபடவும் செய்யும்.

ஆனால் பிடி நழுவும்போது நடப்பதையும் பார்க்க வேண்டும். முன்சில்லு கார் நேரே தள்ளிப் போனால் சாரதி செய்வது இயல்பாகவே காலை எடுப்பது. அதுவே பெரும்பாலும் சரியான செயல்; வண்டி மீண்டும் திரும்பத் தொடங்கும். பின்சில்லு காரில் மிகையாக மிதித்தால் வால் வெளியே சுழலும். அப்போது பதறிக் காலைச் சட்டென்று எடுத்தால் சுழற்சி கூடவும் கூடும். இன்றைய சலூன்களில் உள்ள நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பெரும்பாலும் காப்பாற்றும். பழைய வண்டிகளில் அது கிடையாது. விளையாட்டுக்காக அதை நிறுத்திவிட்டு ஓடுபவருக்கும் அந்தக் காப்பு இல்லை.

குடாநாட்டின் தரை இந்தக் கணக்கை எப்படி மாற்றுகிறது? முதலாவது, இங்கே மலை இல்லை. ஏற்றத்தில் பாரம் பின்னே சாயும்போதுதான் பின்சில்லு இயக்கத்தின் பலன் நன்றாகத் தெரியும். நுவரெலியா ஏற்றத்தில் அது பெரிய வரம். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் அந்த வரத்துக்கு வேலையில்லை. இரண்டாவது, மணல். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, குடத்தனைப் பக்கத்து ஒழுங்கைகளில் தார் முடிந்த இடத்தில் மணல் தொடங்கிவிடும். எஞ்சினின் பாரம் முழுவதும் மேலே இருக்கும் முன்சில்லுகள் அந்த மணலில் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். பின் ஆசனத்தில் ஆளில்லாத சலூனின் பின்சில்லுகளோ சுழன்று குழி தோண்டும். மூன்றாவது, மாரி மழை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை செம்மண்ணும் மணலும் கரைந்து தார்மேல் படரும். சந்தி திரும்பும் இடத்தில் அந்தப் படலம் எண்ணெய் போல வழுக்கும். அங்கே முன்சில்லு வண்டி அமைதியானது.

ஒழுங்கைகளையும் மறக்கக்கூடாது. இரண்டு பக்கமும் வேலியோ மதிலோ நிற்க, எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தாலே ஒதுங்க வேண்டிய ஒழுங்கைகள் ஊருக்கு ஊர் உண்டு. மினிக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே வந்தாலும், சுவிஃப்ற், கோல்ஃப் போன்ற ஹச்பாக்குகள் இன்னும் நாலு மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோதான் நிற்கின்றன. 3 வரிசைச் சலூனின் நீளம் நாலரை மீற்றருக்கு மேல். பின் ஆசனத்தை மடித்தால் ஹச்பாக்கில் வெங்காய மூட்டையும் ஏறும், சைக்கிளும் ஏறும். சலூனின் நடுவால் ஓடும் தண்டுக்காகத் தரை மேடாக்கப்பட்டிருப்பதால், பின்னே நடுவில் இருப்பவருக்குக் கால் வைக்கச் சிரமம். ஆனால் ஹொட் ஹச்சுக்கும் ஒரு குறை உண்டு. சுவிஃப்ற் ஸ்போர்ட் தரையிலிருந்து 120 மில்லிமீற்றர் உயரத்திலேயே நிற்கிறது. மதகு மேடுகளிலும், போரில் நின்றுபோன ரயில் 2014இல் திரும்பி வந்த பிறகு மீண்டும் உயிர்பெற்ற கடவைகளிலும் அதன் அடி உரசாமல் பார்த்து ஓட வேண்டும்.

வலுவைப் பற்றி நிலவும் ஒரு மயக்கத்தையும் தீர்க்க வேண்டும். பெரிய பெயர்ப்பட்டயம் உள்ள சலூன் கட்டாயம் வேகமானது என்று பலர் நம்புகிறார்கள். 2015இல் வந்த பி.எம்.டபிள்யூ 318ஐ 1500 சி.சி., மூன்று சிலிண்டர், 136 குதிரைவலு. எடை ஏறக்குறைய ஒன்றரைத் தொன். 1.4 லீற்றர் டேர்போ கொண்ட சுவிஃப்ற் ஸ்போர்ட் 140 குதிரைவலு. எடை 970 கிலோ. ஒரு தொன்னுக்குக் கணக்கிட்டால் முதலாவதற்கு 90 சொச்சம், இரண்டாவதற்கு 144. எடை குறைந்த கார் பிறேக்கையும் ரயரையும் குறைவாகவே தேய்க்கும், எரிபொருளும் மிச்சம்.

சலூனின் பக்கம் தராசு சாய்வது ஏ 9 வீதியில். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஆனையிறவு தாண்டி மாங்குளம், வவுனியா, மதவாச்சி என்று மணிக்கணக்கில் ஓடும்போது நீண்ட சில்லிடைத் தூரம், கனமான உடல், அமைதியான உட்புறம் ஆகியவை சாரதியின் களைப்பைக் குறைக்கின்றன. வல்லை வெளியிலும் பண்ணைப் பாலத்திலும் குறுக்கே அடிக்கும் காற்றில்கூடக் கனமான சலூன் அசையாமல் போகும். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி ஊடாக மன்னார் செல்பவருக்கும் இது பொருந்தும். ஆயினும் நாட்டின் சட்டப்படி ஊர்ப்புறத்தில் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் கார்களுக்கான எல்லை. 100 வரை அனுமதிக்கும் அதிவேக நெடுஞ்சாலை எதுவும் குடாநாட்டுக்கு வரவில்லை. வன்னியில் இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். சலூனின் வலுவை முழுதாகப் பார்க்கும் ஆசை உள்ளவர் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தைப் பந்தயத் திடல் வரை போக வேண்டும். பொது வீதியில் அதற்கு இடமில்லை.

வாங்கும் செலவில் இரண்டுமே வலிக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரி எஞ்சின் கொள்ளளவோடு ஏறும். இதனால் 2000 சி.சி. சலூனுக்கும் 1400 சி.சி. ஹச்சுக்கும் இடையே விலை பெரிதும் விலகும். ஆகையால் பலர் பார்ப்பது பழைய வண்டிகளைத்தான். பழைய சலூன் வாங்குபவர் தண்டின் மூட்டுகள், பின் அச்சு எண்ணெய்க் கசிவு, அடிச்சட்டத்தின் துரு ஆகியவற்றைத் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும். பருத்தித்துறை, காங்கேசன்துறை, தீவகம் போன்ற கடலோரங்களில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று அடிப்பாகத்தை அரித்திருக்கக்கூடும். ஹச்பாக்கில் முன் அச்சுகளின் இறப்பர் உறைகளைப் பார்க்க வேண்டும். அவை கிழிந்தால் மணல் புகுந்து மூட்டைத் தின்றுவிடும். முழு வட்டம் திருப்பி ஓட்டும்போது டக்டக் என்று சத்தம் கேட்டால் மூட்டு முடிந்தது என்று பொருள்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடும் பழக்கத்தை இந்தக் கார்களோடு கைவிட வேண்டும். குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணக்கல் ஊடாக வருவது. கேத்திலில் படிவது போல எஞ்சினின் உள் வழிகளிலும் வெண்படிவு படியும். ஏ 40இன் அகன்ற நீர்வழிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. டேர்போ எஞ்சினின் ஒடுங்கிய வழிகள் பொறுக்கா. குளிரூட்டித் திரவம் கலந்த வடிநீர் மட்டுமே ஏற்றது. அதேபோல 92 ஒக்ரேன் போதும் என்று மிச்சம் பிடிப்பதும் தவறு. தயாரிப்பாளர் 95 கேட்டிருந்தால் 95தான் ஊற்ற வேண்டும்.

ரயர் இன்னொரு விடயம். பி.எம்.டபிள்யூ சலூன்கள் பல, காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும் தடித்த ரயரோடு, மேலதிகச் சில்லு இல்லாமல் வருகின்றன. நள்ளிரவில் மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில் பக்கவாட்டில் வெட்டுப்பட்டால், அந்த அளவு ரயர் அங்கே கிடைக்காது. சலூன் எடுப்பவர் சாதாரண ரயருக்கு மாறி, ஒரு மேலதிகச் சில்லைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

கிழமையில் ஆறு நாளும் குடாநாட்டுக்குள் ஓடி, எப்போதாவது கொழும்பு போகும் ஒருவருக்கு ஹொட் ஹச்சே சரியான தெரிவு. இந்தத் தரையில் அதன் குறைகள் சிறியவை, பயன்கள் நாளாந்தம் கிடைப்பவை. மாதந்தோறும் ஏ 9இல் பெரியவர்கள் நாலு பேரோடு போய்வருபவர், பராமரிப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்கக் கூடியவராக இருந்தால், பின்சில்லுச் சலூனை எடுக்கலாம். அப்படி எடுப்பவர் 318ஐயை விட்டு, 184 குதிரைவலு உள்ள 320ஐயைத் தேடுவதே மேல்.