கூண்டில் இன்னொன்று வேண்டுமா?

மார்சிலிங் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் ஹேம்ஸ்டர் வளர்ப்பது புதிதல்ல. கொஞ்ச நாள் போனதும், "பாவம்மா, தனியா இருக்கு. இன்னொண்ணு வாங்கலாமா?" என்று பிள்ளை கேட்கும். பெற்றோருக்கும் மனம் இளகிவிடும். அந்த இளகிய மனம் ஹேம்ஸ்டரின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

சிரியன் ஹேம்ஸ்டர் என்பது பெரிய வகை. 1930ஆம் ஆண்டு சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே வயலைத் தோண்டிப் பிடித்த ஒரு தாயும் அதன் குட்டிகளுமே இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன்னோர். சொந்த மண்ணில் அது வளைக்கு ஒன்றாகத்தான் வாழும். தனியாக இருப்பதே அதன் இயல்பு.

கடையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றனவே என்று கேட்கலாம். அவை குட்டிகள். ஏறக்குறைய எட்டு வாரம் வரைதான் அந்த ஒற்றுமை. பிறகு உடன்பிறந்ததாக இருந்தாலும் கடித்துக் குதறும். இரவில் விழித்திருக்கும் பிராணி என்பதால், சண்டையும் வீடே உறங்கும்போது நடக்கும். காலையில் எழுந்து பார்த்தால் ரத்தம்தான் மிஞ்சியிருக்கும்.

கினி எலியும் வளர்ப்பு எலியும் இதற்கு நேர்மாறு. துணையில்லாவிட்டால் வாடிப்போகும். கினி எலியைத் தனியே வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்து 2008இல் சட்டமே போட்டது. ஆனால், புதியதை வாங்கிய அன்றே பழையதன் கூண்டில் விடுவது, கேட்காமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. முதல் இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வைக்க வேண்டும். நோய் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். பழையதைக் கவனித்துவிட்டே புதியதைத் தொட வேண்டும். ஆணா பெண்ணா என்பதையும் விலங்கு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு பத்தாகிவிடும்! பிறகு கூண்டுகளை அருகருகே வைத்து, விரிப்புகளை மாற்றிப் போட்டால் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகும். முதல் சந்திப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கட்டும். சண்டை மூண்டால் கெட்டித் துண்டைப் போட்டுப் பிரிக்கலாம். வெறுங்கையை நீட்டினால் கடி நிச்சயம்.

மார்சிலிங்கிலிருந்து ஜொகூர் கூப்பிடு தூரம்தான். அதற்காக, உரிமம் இல்லாமல் சோதனைச்சாவடி வழியாகப் பிராணியைக் கொண்டுவருவது குற்றம்.

இரண்டாவது சிரியன் ஹேம்ஸ்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. தனிக் கூண்டு, தனிச் சக்கரம், கம்பிக்குக் கம்பி முட்டாத இடைவெளி போதும். பிள்ளைக்குச் சுத்தம் செய்யும் வேலை இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.