உரச் சாக்கு அரிசிக்கு ஆகாது



காப்பார் வட்டாரத்தில் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், பால்மரமாயினும் செம்பனையாயினும், உரம் போடும் வேலை நம்மைவிட்டு நீங்கவில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்த்து, அவ்விலைகள் முற்றிப் பசுமை அடையும் பருவமே உரமிடுவதற்கு ஏற்ற பருவமாகும்.

இளங்கன்றுக்கு அடிமரத்தில் படாதவாறு சுற்றிலும் பரவலாகத் தூவுதல் வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் வேர் கருகும். பெருமழைக்கு முன் இட்டால் உரம் கரைந்து கால்வாயில் ஓடிவிடும். யூரியாவைக் காய்ந்த நிலத்தின்மேல் இட்டாலோ, அதன் சத்தில் ஒரு பகுதி காற்றாய்ப் போய்விடும்.

மரத்தைப் பற்றி இவ்வளவு எண்ணும் நாம், நம் உடலைப் பற்றியும் எண்ணுதல் வேண்டுமன்றோ? உரத்தூள் கண்ணிலும் மூக்கிலும் புகாதிருக்க, காற்றை முதுகுப்புறமாகக் கொண்டு வீசுவோம். கையுறையும் காலணியும் அணிவோம். சவர்க்காரமிட்டுக் கைகழுவாமல் உணவைத் தொடாதிருப்போம்.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் இருதரப்பாருக்கும் கடமை வகுத்துள்ளது. அச்சட்டப்படி முதலாளி தரவேண்டிய பாதுகாப்புப் பொருள்களுக்குத் தொழிலாளரிடம் பணம் பெறுதல் கூடாது. தரப்பட்டவற்றை அணிவது தொழிலாளரின் கடமை. ஆகவே, கையுறை கிழிந்தால் மண்டோரிடம் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டா.

இனி, வீட்டைப் பற்றி ஒரு சொல். உரம் வந்த சாக்கு உறுதியானது, வெண்மையானது. கழுவி உலர்த்தினால் அரிசி வைக்கலாம் என்று தோன்றும். அது பெருந்தவறு. சாக்கின் இழைகளில் உரம் தங்கியிருக்கும். நைட்ரேட் உப்பு உடலில் சேர்ந்தால், இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றல் குறையும். பச்சிளங் குழந்தைகளுக்கு இதனால் வரும் கேடு பெரிது. செம்பனைக்கு இடும் போரேட்டோ பார்வைக்குச் சமையல் உப்பைப் போன்றது; உண்டால் நஞ்சு. இத்தகைய உரத்தைக் கைப்பிடியளவேனும் வீட்டிற்குக் கொண்டுவருதல் ஆகாது.

இதே கரையோரத்தில், வடக்கே செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களில் நெல் விளைகிறது. அங்கும் உரமிட்டே பயிர் வளர்க்கின்றனர். ஆயினும் மண்ணுக்குப் போன உரம் வேறு. கதிராகி, அரிசியாகி நம் அடுப்புக்கு வருவது வேறு. அரிசியை மூடியுள்ள தூய பாத்திரத்தில், ஈரம் படாமல், எலி அணுகாமல் வைப்போம். வெறுமையான உரச் சாக்குகளை எண்ணிக் கிடங்கிலேயே ஒப்படைப்போம்.

நாள் முழுதும் வெயிலில் உழைப்பது பிள்ளைகளின் ஒருவேளைச் சோற்றுக்காகவே. அந்தச் சோற்றில் நம் கையாலேயே நஞ்சு கலந்துவிடாதிருக்க விழிப்புடன் இருப்போம்.