பாலர் நிலையத்துக் குளிர்ப்பெட்டி

உணவால் வந்த நோயின் மூலத்தைத் தேடுவோர்க்குப் பெரும் பகை மறதி. நேற்று உண்டது நினைவிலிருக்கும். சென்ற மாதம் உண்டதை யார் நினைவில் வைத்திருப்பார்? லிஸ்டீரியா என்னும் கிருமி இம்மறதியிலேதான் ஒளிந்துகொள்கிறது. உடலிற் புகுந்தபின் 70 நாள் வரையும் வெளிப்படாதிருக்க அதற்கு இயலும். மற்றக் கிருமிகள் ஒடுங்கிக் கிடக்கும் குளிர்ப்பெட்டியிலும் அது பெருகும்.

2017ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் இந்நோய் கண்டோர் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. அவர்களிற் பத்துக்கு நால்வர் பிறந்து ஒரு மாதமும் நிரம்பாத சிசுக்கள். தாய் உண்ட உணவு கருவிலிருந்த பிள்ளையைத் தாக்கியது. இந்நோயை அரசுக்கு அறிவித்தாக வேண்டுமென்ற விதியோ அவ்வாண்டு டிசம்பர் வரை அங்கே இருக்கவில்லை. காவலாளியை நியமிக்காமல் களவைப் பற்றி முறையிடுவது போன்றதே இது.

நோயாளர் பலரையும் விசாரித்தபோது, பதப்படுத்திய இறைச்சியே திரும்பத் திரும்ப வாக்குமூலத்தில் வந்தது, அதிலும் பொலோனி. அரைத்த இறைச்சியை உறையிலடைத்து வேகவைத்த மலிவான பண்டம் அது. சீவிப் பாணுக்கிடையே வைத்து, மறுபடி சூடேற்றாமலே உண்பார்கள். ஐயம் வலுத்தது, ஆயினும் ஐயம் சான்றாகாதன்றோ?

2018 ஜனவரியில், ஜொகன்னஸ்பேர்க்கை அடுத்த சொவெற்றோவில், ஒரே பாலர் நிலையத்தைச் சேர்ந்த ஒன்பது குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றோட்டமுமாய் வைத்தியசாலைக்கு வந்தனர். வைத்தியர்கள் இதைத் தற்செயலென்று விடாது சுகாதார உத்தியோகத்தர்க்கு அறிவித்தனர். அவர்கள் விரைந்து சென்று நிலையத்துக் குளிர்ப்பெட்டியைத் திறந்து, அதிலிருந்த இரண்டு வகைப் பொலோனியை எடுத்துவந்தார்கள். மாதக்கணக்கில் நினைவைத் துருவியும் அகப்படாத சான்று அங்கே குளிரிற் கிடந்தது.

ஒரு குழந்தையின் மலத்திலும் இரு வகைப் பொலோனியிலும் லிஸ்டீரியா இருந்தது. கிருமியின் மரபுக்கூற்றை எழுத்தெழுத்தாய் வாசிக்கும் முறையால், அது நாடெங்கும் நோயாளரிற் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேலானவரிடம் கண்ட அதே இனமென்று தெரிந்தது. பெப்ரவரியில் பொலொக்வானே நகரின் இறைச்சித் தொழிற்சாலையொன்றுக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட மாதிரிகளை எடுத்தபோது, அவ்வினம் அங்கும் அகப்பட்டது.

மார்ச் 4ஆம் நாள் சுகாதார அமைச்சர் ஆரன் மொற்சோலேடி இதனை நாட்டுக்கு அறிவித்தார். அப்பண்டங்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டபின் புதிய நோயாளர் வருகை விரைவிற் குறைந்தது. செப்டம்பரில் தொற்று ஓய்ந்ததென அறிவிக்கப்பட்டபோது, உறுதிசெய்யப்பட்ட நோயாளர் 1,060 பேர். மாண்டோர் 216 பேர்.