துவர்ப்பின் பயன்



அறுசுவையுள் இக்காலச் சமையலறை மெல்லக் கைவிட்டது துவர்ப்பு. கேழ்வரகின் செந்நிற மேலுறையிலும் நெல்லிக்கனியிலும் அச்சுவையைத் தருபவை பெரும்பாலும் பாலிபீனால்கள். மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளின் வேகத்தைத் தணிக்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு. அதனால் உணவுக்குப்பின் இரத்தச் சர்க்கரை சற்றே மெதுவாக ஏறும். தசை மெலிந்து இன்சுலினின் ஆற்றலும் குன்றும் முதுமையில் இம்மெதுவே வேண்டப்படுவது. ஆயினும், பல் தளர்ந்த பெரியோர்க்கென்று அன்போடு மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடுகின்றனர் இல்லத்தார்! பாலிபீனால் மிகுந்திருப்பது அத்தவிட்டில்தான். சலிக்காத மாவை மெல்லிய அடையாக்கித் தரலாம்; நீர்த்த கஞ்சியோ விரைந்து செரித்துவிடும்.

நெல்லிச்சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவோரும் உளர், அது தகாது. நோன்பிருக்க விழையும் நீரிழிவுடைய முதியோர் மருத்துவரை முன்னரே கலந்துகொள்க. உணவின்றிச் சில மாத்திரைகளை உட்கொண்டால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரும்.