என் காணிக்கு எவர் கையெழுத்து?

(தெல்லிப்பழையில் மாதர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கொப்பியைப் பாருங்கோ. நல்ல தடித்த மட்டை, வழவழப்பான தாள். போன மாதம் இதே மண்டபத்தில் பெண்களுக்கு நிதி முகாமைத்துவம் படிப்பிக்கிறோம் என்று கருத்தரங்கு வைத்தார்களல்லோ, அதிலே ஆளுக்கொன்றாகத் தந்தது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வந்த ஐயா இரண்டு மணித்தியாலம் கதைத்தார். தேவை எது, ஆசை எது என்று பிரித்து எழுதச் சொன்னார். பூ வாங்குகிற காசை உண்டியலில் போடச் சொன்னார். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கச் சொன்னார். ஒரு வெங்காயத்தில் மூன்று கறி வைத்துப் பிள்ளை வளர்த்த பெண்களுக்கு முன்னால் நின்று சீனியைக் குறைக்கச் சொன்னார்!

நான் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள். கொப்பி எழுதுவது கெட்ட பழக்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுடைய கணக்கு இந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்திலும் அடங்காது. அதைச் சொல்லத்தான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நாலு பரப்புச் செம்மண் காணி இருக்கிறது, கிணற்றோடு. தாய் சீதனமாக எழுதிக் கொடுத்தது. நீர் இறைக்கிற மோட்டருக்கும் விதை வெங்காயத்துக்கும் காசு வேண்டும் என்று உறுதியை எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனாள். எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லமாட்டேன். அங்கே இருந்த உத்தியோகத்தரில் எனக்குக் கோபமுமில்லை. அவர் உறுதியை வரிவரியாக வாசித்தார். சுத்தமான உறுதி, வில்லங்கமில்லை என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "தங்கச்சி, மனுசன் எங்கை?"

மனுசன் வளைகுடாவுக்குப் போய் ஆறு வருடம். நாலு வருடமாகத் தொலைபேசியும் இல்லை, கடிதமும் இல்லை. "அவற்றை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இந்தக் காணியை ஈடாக எடுக்க ஏலாது, தங்கச்சி." முடிந்தது. பிள்ளை திரும்பி வந்தாள்.

மூன்றாம் நாள் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட தம்பி, தோளில் பை. உறுதி கேட்கவில்லை. மனுசன் எங்கே என்று கேட்கவில்லை. அயலில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வா, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும், அவ்வளவுதான். ஐம்பதாயிரம் ரூபாய் கையில் வந்தது. கிழமைக்கு 1,250, ஐம்பத்திரண்டு கிழமை. "முப்பது வீதம்தான் அக்கா" என்றானாம்.

கணக்குப் பாடத்துக்கு வாருங்கோ. 1,250 ஐ 52 ஆல் பெருக்கினால் 65,000. வட்டி 15,000. ஐம்பதாயிரத்தில் பதினைந்தாயிரம் முப்பது வீதம், சரிதான். ஆனால் ஐம்பதாயிரம் வருடம் முழுக்க அவளுடைய கையில் இருந்ததா? முதல் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். ஆறு மாதம் போனபோது மிச்சக்கடன் இருபத்தெட்டாயிரம் சொச்சம்தான். வட்டியோ முழு ஐம்பதாயிரத்துக்கும் போட்ட வட்டி. குறைந்துவருகிற மிச்சக்கடனுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 54 வீதம்! நான் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். 54.

இப்போது சொல்லுங்கோ, அந்தப் பிள்ளை எங்கே பிழை விட்டாள்? பூ வாங்கினதிலா? சீனி போட்டதிலா? காணி இருந்தது, உறுதி இருந்தது, உழைக்கக் கையும் இருந்தது. இல்லாமற் போனது ஒரு கையெழுத்து. அதுவும் அவளுடைய கையெழுத்தில்லை!

யார் கேட்கச் சொன்ன கையெழுத்து இது? 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டம். தேசவழமை என்கிற எங்களுடைய வழக்கச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சட்டம். அதன் 6 ஆம் பிரிவு கலியாணமான பெண்ணுக்கு என்ன சொல்கிறது? உன் நகை, உன் பாத்திரம், உன் மாடு, இவற்றை விற்கப் புருசனைக் கேட்கத் தேவையில்லை. காணி, வீடு என்றால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். அதாவது கழுத்திலே கிடக்கிற தாலிக்கொடியைக் கழற்றி அடைவு வைக்கலாம், ஒருவரும் மறிக்கமாட்டார்கள். தாய் தந்த காணியை ஈடு வைக்க முடியாது. இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது: மரணசாதனம் எழுதினால் சம்மதம் தேவையில்லை. நீ செத்த பிறகு உன் காணி உன் விருப்பப்படி போகும், தாயே! உயிரோடு இருக்கும்வரைக்கும்தான் கையெழுத்து.

புருசன் தன் முதுசக் காணியை விற்க மனைவியின் கையெழுத்து வேண்டுமா? வேண்டாம். நாளைக் காலை மல்லாகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்கலாம்.

உடனே ஒரு கூட்டம் எழும்பும். "ஐயோ, தேசவழமை எங்களுடைய அடையாளம், அதிலே கைவைத்தால் தமிழினமே கரைந்துபோகும்!" இதுதான் அவர்களுடைய முழு வாதமும். தேசவழமையை எழுத்தில் ஏற்றியது யார்? 1707 இல் ஒல்லாந்தன். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எழுதினான், பன்னிரண்டு முதலியார்கள் சரி என்றார்கள். பன்னிரண்டு பேரும் ஆம்பிளைகள். 1806 இல் இங்கிலீசுக்காரன் சட்டம் என்று முத்திரை குத்தினான். தாயின் சீதனம் மகளுக்கு என்ற வழக்கம் எங்களுடையது, நல்ல வழக்கம், அதற்கு நான் கும்பிடுகிறேன். அந்த வழக்கத்தின் கழுத்திலே இந்தக் கையெழுத்தை ஏன் கட்டித் தூக்கவேண்டும்?

மட்டக்களப்புத் தமிழிச்சி தமிழிச்சி இல்லையா? அவளுக்குத் தேசவழமை இல்லை. 1923 இல் விவாகமான பெண்களின் ஆதனச் சட்டம் வந்தபோது அவளுடைய காணி அவளுக்கு முழுசாக வந்தது. அந்தச் சட்டம் வடமாகாணத் தேசவழமைத் தமிழருக்குச் செல்லாது என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். இன்னும் கேளுங்கோ. எங்களுடைய பெண் ஒருத்தி தேசவழமைக்கு உட்படாத ஆணைக் கட்டினால், அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அவளுக்கும் இந்தத் தடை இல்லை. ஒரு தாய்க்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே காணியைப் பிரித்து எட்டெட்டுப் பரப்புக் கொடுக்கிறா. மூத்தவள் அளவெட்டியில் கட்டினாள், இளையவள் மட்டக்களப்பில் கட்டினாள். வேலிக்கு அந்தப்பக்கம் இளையவள் தன் பங்கை நினைத்தபடி ஈடு வைக்கிறாள். இந்தப்பக்கம் மூத்தவள் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள். ஊர்ப்பெடியனைக் கட்டினதுக்கு இதுவா தண்டனை?

இன்னொரு கூட்டம், "பெண்டுகளுக்குக் கணக்குத் தெரியாது, காணியை வித்துத் துலைச்சுப்போடுவினம்" என்று சொல்லும். இப்படிச் சொல்லித் திரிகிற முதலாளி ஒருவரை எனக்குத் தெரியும். கடைக்கணக்கு எழுதுவது அவருடைய மனைவி. அந்த அம்மா மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு கிழமை கொழும்புக்குப் போனா. கடன்கொப்பியில் யார் தரவேண்டும், யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று தெரியாமல் முதலாளியார் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டிலே படுத்தார்! குடித்தும் சூதாடியும் காணி துலைத்த ஆம்பிளைகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினால் இந்த மண்டபத்தை நாளைக்குத்தான் பூட்டலாம். அவர்களிடம் எந்தச் சட்டம் மனைவியின் கையெழுத்தைக் கேட்டது?

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1990 இல் இந்த ஊரை விட்டு ஓடினோம். ஷெல் விழுகுது. அப்பா சைக்கிளைத் தேடினார். அம்மா உறுதிப்பெட்டியைத் தேடினா. உறுதியைப் பொலித்தீனில் சுற்றி, அதற்குமேல் பழைய சீலையால் சுற்றி, இடுப்பிலே கட்டினா. மல்லாகத்தில் இருந்தோம், 95 இல் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குப் போனோம், திரும்பி வந்து வாடகை வீடு வாடகை வீடாக இருந்தோம். அந்த உறுதி ஒருநாளும் அம்மாவை விட்டுப் பிரியவில்லை. மழைக்காலம் முடிந்தால் வெயிலில் விரித்துக் காயவைப்பா. பூச்சி அரிக்காமல் வேப்பிலை வைப்பா. கடைசியில் ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆமி காணியை விட்டபோது எல்லைக்கல்லே இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அம்மாவின் உறுதியை வைத்துத்தான் எங்களுடைய நிலம் எது என்று கண்டுபிடித்தோம். இந்த ஊரிலே எத்தனை தாய்மார் அப்படிக் காத்தீர்கள், கையை உயர்த்துங்கோ பார்ப்போம். பாருங்கோ, பாருங்கோ! இத்தனை கை! இந்தக் கைகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதென்கிறதா சட்டம்?

கடனுக்கு வருகிறேன். 2018 இல் ஐக்கிய நாடுகளின் கடன் விவகார நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். நுண்கடன் வட்டி சில இடத்தில் 220 வீதம் வரைக்கும் போனதென்று சொன்னார். தவணை கட்டமுடியாத பெண்களிடம் வசூலிக்க வந்தவர்கள் உடம்பைக் கேட்டதையும் சொன்னார். அதே வருடம் மங்கள சமரவீர நிதி அமைச்சராக இருந்தபோது, யாழ்ப்பாணம் உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள். உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. படலைக்கு வருகிற எல்லாரும் அந்த உரிமம் எடுத்தவர்களா? 2021 இல் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் 55 நாள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், இதே கடனுக்காக. நான் அவர்களை மதிக்கிறேன். ஆனால் எங்களுக்கு அவர்களுக்கு இல்லாத ஒரு பூட்டும் சேர்த்துப் போட்டிருக்கிறது. காணி இருந்தும் மலிவான கடனுக்குப் போகமுடியாமல் எங்களைப் படலைக் கடனுக்குத் தள்ளிவிடுவது இந்தக் கையெழுத்துத்தான்.

ஒரு சட்டத்தரணித் தம்பி என்னிடம் சொன்னார்: "ரீச்சர், 8 ஆம் பிரிவு இருக்குதல்லோ. புருசன் விட்டிட்டுப் போனாலோ, இருக்கிற இடம் தெரியாட்டிலோ, ஞாயமில்லாமல் சம்மதம் தராட்டிலோ மாவட்ட நீதிமன்றத்திலை கேட்கலாம்." ஓம் தம்பி, இருக்கிறது. வெங்காயம் நடுகிற காலம் நீதிமன்றத் தவணைக்குக் காத்திருக்குமா? சட்டத்தரணிக்குக் கொடுக்கிற காசுக்கும் படலைக் கடன்தானே எடுக்கவேண்டும்? கிளிநொச்சியில் 2017 மாசியில் தொடங்கிக் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகத் தெருவிலே குந்தியிருந்து "என் பிள்ளை எங்கே, என் மனுசன் எங்கே" என்று கேட்டார்களே பெண்கள், அவர்களுக்கு அரசாங்கம் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்களிடமே திரும்பி "மனுசன் எங்கை, கையெழுத்து எங்கை" என்று கேட்கிறது சட்டம்! எனக்கு வயிறு பற்றி எரிகிறது. மன்னியுங்கோ, கொஞ்சம் தண்ணி தாருங்கோ.

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. 16 ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அதற்கு முரணானாலும் செல்லும் என்கிறது. ஆகவே நீதிமன்றப் படியேறி இந்தப் பிரிவை உடைக்க முடியாது, பாராளுமன்றம்தான் திருத்தவேண்டும். 1931 இல் வாக்குரிமை வந்தது. நாட்டை ஆள்வது யார் என்று நாங்கள் சொல்லலாம், நாலு பரப்பை என்ன செய்வதென்று சொல்லக்கூடாது. அடுத்தமுறை கைகூப்பிக்கொண்டு படலைக்கு வருகிற ஐயாமாரிடம் வேறொன்றும் கேட்காதையுங்கோ. தெருவிளக்குக் கேட்காதையுங்கோ. 6 ஆம் பிரிவில் அந்த ஒரு வரியை வெட்ட வாக்களிப்பாரா என்று மட்டும் கேளுங்கோ. "பார்ப்பம் அம்மா" என்று சொன்னால் படலையைச் சாத்துங்கோ.

வாசலிலே மேசை போட்டிருக்கிறோம். நீதி அமைச்சுக்கு அனுப்புகிற மனு இருக்கிறது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கோ. "அவரைக் கேட்டுப்போட்டு நாளைக்கு வாறன்" என்று ஒருவரும் எனக்குச் சொல்லக்கூடாது! படலைக் கடன் எடுத்தவர்கள் தவணை அட்டையை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கோ, உண்மை வட்டி என்னவென்று அதே அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறேன். 8 ஆம் பிரிவில் மனுப் போட வேண்டியவர்கள் உறுதியின் பிரதியோடு வாருங்கோ, அந்தச் சட்டத்தரணித் தம்பியைக் காசு வாங்காமல் வர ஒப்பவைத்திருக்கிறேன்.

ஓம், தூணடியில் நிற்கிற அம்மா, கையை உயர்த்தினீங்கள். முன்னுக்கு வந்து கேளுங்கோ.