கையா, மூளையா? மனிதத் தோற்றம் பற்றிய அறிவியலில் உழைப்பின் இடம்
(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனிதன் தோன்றிய வரலாற்றை இன்றைய வகுப்பின் பொருளாகக் கொண்டதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் மரபுவழி, பரிணாமம் ஆகிய இரண்டையும் பேசிய இயல், இன்று மரபுவழியை மட்டுமே பேசுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி நீக்கப்பட்ட பகுதி, பெருந்தொற்று ஓய்ந்த பின்னரும் திரும்பவில்லை. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு இதனைக் கண்டித்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் விடை. உயிரியலைத் தெரிவு செய்யாத மாணவரும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையும் அதனை எங்கே படிப்பார்கள்?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் எவரும் கண்டதில்லை, ஆகவே டார்வின் கோட்பாடு தவறு என்று 2018இல் ஒன்றிய இணையமைச்சர் ஒருவர் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் அதனைக் கூட்டாக மறுத்தன. இன்று மரத்தில் தாவும் குரங்கு மனிதனாகும் என்று எந்த அறிவியலாளரும் சொல்லவில்லை. வாலுள்ள மந்தியையும் வாலில்லாத சிம்பன்சியையும் நாம் பேச்சுவழக்கில் குரங்கு என்ற ஒரே சொல்லால் குறிப்பது இம்மயக்கத்தை வளர்க்கிறது. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த பொது மூதாதையிடமிருந்து இரு கிளைகளும் பிரிந்தன.

பிரிந்த பின் நம் கிளையில் முதலில் மாறியது எது? மூளை பெருத்து, அதன் பின்னர் உடல் நிமிர்ந்ததா? உடல் நிமிர்ந்து, கைகள் விடுதலை பெற்ற பின்னர் மூளை பெருத்ததா? அறிவியலை நெடுங்காலம் தடுமாற வைத்த வினா இது.

அறிவே மனிதனை மனிதனாக்கியது, ஆகவே மூளையே முன்னது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர் பலரின் நம்பிக்கை. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னுமிடத்தில் கிடைத்ததாக ஒரு மண்டையோடு காட்டப்பட்டது. மனிதனை ஒத்த பெரிய மண்டை, வாலில்லாக் குரங்கின் தாடை. எதிர்பார்த்தது அப்படியே கிடைத்துவிட்டதால் பலரும் ஏற்றனர். மனித மண்டையோட்டுடன் ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, பற்களை அரத்தால் தேய்த்து, சாயமேற்றிச் செய்த மோசடி அது என்பது 1953இல்தான் அம்பலமாயிற்று.

இதற்கிடையில் உண்மையான சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. டாவுங் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 1924இல் ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. மூளை சிறியது, ஆனால் முதுகுத்தண்டு மண்டையோட்டில் சேரும் துளை, அவ்வுயிர் நிமிர்ந்து நடந்ததைக் காட்டியது. ரேமண்ட் டார்ட் மறு ஆண்டே இதனை எழுதியபோது, அறிவுலகின் பெரியவர்கள் அது வெறும் குரங்குக் குட்டி என்று ஒதுக்கினர். போலி மண்டையோட்டுக்குக் கிடைத்த மதிப்பு மெய்யான மண்டையோட்டுக்குக் கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கண்டெடுக்கப்பட்ட ‘லூசி’ ஐயத்தை முற்றிலும் நீக்கினாள். வயது 32 லட்சம் ஆண்டுகள். இடுப்பெலும்பும் முழங்காலும் இரு காலில் நடந்தமைக்குச் சான்று. அவளுடைய இனத்தின் மூளையோ நம் மூளையில் மூன்றில் ஒரு பங்கு அளவே. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்திருந்த, 36 லட்சம் ஆண்டுப் பழமையுடைய காலடித் தடங்களும் இதனை உறுதி செய்தன. நிமிர்ந்த நடை முன்னது. பெரிய மூளை பல லட்சம் ஆண்டுகள் பின்னது.

இந்த வரிசையை எங்கெல்ஸ் 1876இலேயே எழுதினார் என்பதை நாம் நினைவுகூர வேண்டும். முற்றுப்பெறாத அக்கட்டுரை அவர் மறைந்த பின், 1896இல் அச்சேறியது. நிமிர்ந்த நடை கையை விடுவித்தது. உழைப்பு கையைச் செம்மைப்படுத்தியது. கூடி உழைத்ததால் பேச்சு தேவையாயிற்று. உழைப்பும் பேச்சும் மூளையை வளர்த்தன என்பது அவர் வாதம். டார்வின், ஹெக்கெல் ஆகியோரின் எழுத்துகளிலிருந்து அவர் கற்றுக்கொண்டார். வாழ்நாளில் பெற்ற திறன் நேரடியாகச் சந்ததிக்குச் செல்லும் என்ற அக்காலக் கருத்து அவரிடமும் உண்டு. அது சரியன்று. தலைமுறைதோறும் இயல்பாகத் தோன்றும் வேறுபாடுகளில் வாழ்வுக்கு உதவுபவை நிலைத்துப் பரவுகின்றன என்பதே இயற்கைத் தேர்வு. கருவியால் வாழும் உயிருக்குத் திறமான கையும் அதனை இயக்கும் மூளையும் அவ்வாறு உதவின.

எங்கெல்ஸின் தனிச்சிறப்பு வேறொன்று. அறிஞர்கள் மூளையை முன்வைப்பது ஏன் என்று அவர் கேட்டார். திட்டமிடும் தலை ஒருவனுடையதாகவும் உழைக்கும் கை வேறொருவனுடையதாகவும் சமுதாயம் பிளவுபட்ட பின், நாகரிகத்தின் பெருமை முழுவதும் தலைக்கே எழுதப்பட்டது என்று விடையும் தந்தார். பில்ட்டவுன் மோசடி அத்தனை எளிதில் விலைபோனதை விளங்கிக்கொள்ள இந்த விடை பெரிதும் உதவுகிறது.

நம் நாட்டில் இப்பிளவுக்குப் பெயர் சாதி. ஓதுவது உயர்வு, மண்ணையும் தோலையும் மலத்தையும் தொடும் கை தாழ்வு என்று வருணம் விதித்தது. அந்த விதியைப் பிறப்போடு பிணைத்தது. பரிணாம அறிவியல் இதன் இரு தூண்களையும் தகர்க்கிறது. இன்று வாழும் மனிதர் அனைவரும் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே இனத்தவர். தலையில் பிறந்தவரும் இல்லை, காலில் பிறந்தவரும் இல்லை. அந்த இனத்தை உருவாக்கிய நெடும்பயணத்தில் கையின் உழைப்பு இழிவன்று, அடிப்படை. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட கற்கோடரிகள் கிடைத்துள்ளன. நம் இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே கைகள் உழைத்திருக்கின்றன.

ஆகவே பாடநூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டதை வெறும் பாடச்சுமைப் பிரச்சினையாகக் காண இயலாது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்போருக்கு இப்பாடம் இடையூறு. அதனை மீண்டும் சேர்க்குமாறு மாணவர், ஆசிரியர் அமைப்புகளோடு இணைந்து போராடுவோம். அதுவரை காத்திராமல், தொழிற்சங்க அலுவலகங்களிலும் குடியிருப்புப் படிப்பகங்களிலும் மாதம் ஒரு மாலையை ஒதுக்கி, நம் பிள்ளைகளுக்கு இதனை நாமே கற்பிப்போம். அதற்கான எளிய தமிழ்க் கையேட்டை உருவாக்கும் பணியில் தோழர்கள் இணைய வேண்டுகிறேன்.