ஒரே குரு, நாலு பள்ளிக்கூடம்: நம் ஹாலில் எந்த யோகா?

(நலச்சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



தலைவர் அண்ணாச்சி எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு இருபது நிமிஷத்தில் திரும்ப வாங்குவது லேசான காரியம் இல்லை. முயற்சி செய்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம்மிடம் ஒரே ஒரு ஹால் இருக்கிறது. அதில் யோகா வகுப்பு வைக்கலாம் என்று சங்கம் முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் தொடங்கவில்லை. இளவட்டங்கள் "பவர் யோகா வேண்டும், பெரிய டி.வி.யில் வீடியோ போட்டாலே போதும்" என்கிறார்கள். பெரியவர்கள் பலர் ஏற்கெனவே மனவளக்கலை கற்றவர்கள், அதையே வைக்கச் சொல்கிறார்கள். டவுனில் இருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வரலாம், அவர் சொல்வதுதான் அசல் யோகா என்று இன்னொரு கட்சி. வாட்ஸ்அப் குழுவில் இதற்காக நடந்த சண்டையைப் பார்த்தால் தண்ணீர் லாரிப் பிரச்சினை எவ்வளவோ தேவலாம் என்று தோன்றுகிறது. இதற்கு நடுவே நம் குடியிருப்பு அக்கா ஒருவர் வெளியே எங்கோ ஒரு வகுப்பில் சேர்ந்து, பத்தாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் படுத்துவிட்டார். எந்த வகுப்பு என்று நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அவருக்கு நடந்தது நம் ஹாலில் யாருக்கும் நடக்கக்கூடாது. அதற்காகத்தான் பேசுகிறேன்.

"எது அசல்?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். இன்று உலகம் முழுக்க யோகா என்று சொல்லித்தரப்படுவதில் பெரும்பகுதி ஒரே ஒரு மனிதரிடம் போய் முடிகிறது. அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888இல் கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் பிறந்தவர். மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆதரித்தார். 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறந்தது. 1952இல் சென்னைக்கு வந்தவர், 1989இல் நூறு வயது கடந்து இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். ஆக, பாதி ஆயுள்வரை கன்னட நாட்டுக்காரர் என்றாலும் மீதியில் நம்மூர்க்காரர் என்றே சொல்லலாம்.

இவரிடம் கற்றவர்களில் நாலு பேரை மட்டும் பாருங்கள்.

முதலாமவர் பட்டாபி ஜோயிஸ். மைசூரிலேயே இருந்து அஷ்டாங்க வின்யாச முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஆசனங்களின் வரிசை கட்டாயம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மூச்சை எண்ணி எண்ணி, ஒரு ஆசனத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் சட்டை பிழிந்தால் சொட்டும். நம் பையன்கள் கேட்கிற பவர் யோகா இருக்கிறதே, அது 1990களில் இவருடைய முறையைக் கற்ற அமெரிக்கர்கள் வைத்த பெயர். மைசூரில் இருந்து அமெரிக்கா போய், யூடியூப் வழியாக விஸ்வநத்தம் வந்து சேர்ந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் நல்ல முத்திரைகள்!

இரண்டாமவர் பி.கே.எஸ். ஐயங்கார், கிருஷ்ணமாச்சார்யாவின் மைத்துனர். சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எல்லாம் வந்து நோஞ்சானாக இருந்தவர். குருவிடம் இரண்டு மூன்று வருஷம்தான் இருந்தார். 1937இல் புனேவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய வழி தாவிக்கொண்டே போவதல்ல. ஒரு ஆசனத்தில் நின்று, கால் கட்டைவிரல் எங்கே இருக்கிறது, முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அங்குலம் அங்குலமாகச் சரிசெய்வது. குனிந்து தரையைத் தொட முடியவில்லையா? கைக்கு அடியில் மரக்கட்டை. கால் எட்டவில்லையா? பெல்ட். நிற்க முடியவில்லையா? நாற்காலி. சுவரில் கயிறு. நோயாளிகளுக்காகவே இந்தத் துணைக் கருவிகளைப் பெருக்கினார். நாற்காலி யோகா என்று இன்று பேசுவதற்கெல்லாம் பெரிய வழிகாட்டி அவர்தான்.

மூன்றாமவர் இந்திரா தேவி. ரிகா நகரத்தில் பிறந்த ரஷ்யப் பெண்மணி. பெண், அதிலும் வெளிநாட்டுக்காரர் என்று குரு முதலில் சேர்க்க மறுத்தார். மகாராஜா சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். இவர் ஹாலிவுட்டில் பள்ளி திறந்து, சினிமா நட்சத்திரங்களுக்கு மென்மையான முறையில் சொல்லிக்கொடுத்தார். இவரும் நூறு வயது தாண்டி வாழ்ந்தார்.

நாலாமவர் குருவின் மகன் தேசிகாச்சார். எஞ்சினியரிங் படித்தவர், 1960களின் தொடக்கத்தில்தான் அப்பாவிடம் முறையாகக் கற்க உட்கார்ந்தார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். அங்கே ஒருவருக்கு ஒரு ஆசிரியர். வந்தவரின் வயது, நோய், வேலை, தூக்கம் எல்லாம் கேட்டு அவருக்கென்று பயிற்சி எழுதித் தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு உங்களுக்கு உதவாது, மருந்துச் சீட்டு மாதிரிதான். (அவர் பிறந்த நாள் ஜூன் 21. இப்போது அதே நாள்தான் சர்வதேச யோகா தினம்.)

நாலும் நாலு திசை. இதில் அசல் எது என்று கேட்டால் நாலுமே அசல்தான். மைசூரில் அவர் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் அரண்மனைப் பையன்கள், பள்ளிக்கூட வயது. அந்த உடம்புக்குத் தாவலும் குதியும் தேவைப்பட்டது, கொடுத்தார். சென்னையில் அவர் வீட்டுப் படியேறியவர்கள் குடும்பஸ்தர்கள், நோயாளிகள், பெண்கள். அவர்களுக்கு மூச்சையும் சின்ன அசைவுகளையும் கொடுத்தார். குரு ஒருவரே. எதிரே நின்ற உடம்புகள்தான் வேறு. யார் எந்தக் காலத்தில் அவரிடம் கற்றார்களோ, அந்தக் காலத்து யோகாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதை அவர் கொள்கையாகவே வைத்திருந்தார். வளர்கிற வயதுக்கு ஒரு முறை, குடும்பப் பாரம் சுமக்கிற நடுவயதுக்கு ஒரு முறை, முதுமைக்கு ஒரு முறை என்று மூன்றாகப் பிரித்தார். 96 வயதில் அவருக்கே இடுப்பு எலும்பு முறிந்தபோது, படுக்கையில் படுத்தபடி செய்யத்தக்க பயிற்சியைத் தனக்கென்று அமைத்துக்கொண்டார். பெரியப்பாமார்களே, இதைக் கேட்டுவிட்டு யாரும் எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். நான் சொல்ல வந்தது, 96 வயதில் அவர் மைசூர் பையன்களின் பயிற்சியைச் செய்யவில்லை என்பதை.

யோகாவில் மட்டும்தான் இப்படியா? சீனாவின் தாய் சியைப் பாருங்கள். பூங்காக்களில் வயதானவர்கள் மெதுவாகக் கையை அசைப்பார்களே, அது. அதில் சென், யாங், இரண்டு வூ, சுன் என்று ஐந்து குடும்ப முறைகள் உண்டு. மூத்தது சென். தாழ்ந்த நிலை, தரையை உதைத்தல், திடீரென்று வெடிக்கிற வேகம் எல்லாம் அதில் இருக்கின்றன, ஏனென்றால் அது சண்டைக்கலை. சென் கிராமத்துக்குப் போய்க் கற்ற யாங் லூச்சான் பெய்ஜிங்கில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு அதை ஒரே சீரான, நிதானமான அசைவாக்கிப் பரப்பினார். அதிலிருந்து 1956இல் சீன அரசு 24 அசைவுகளை எடுத்து, ஐந்தாறு நிமிஷத்தில் முடிகிற மாதிரி பொதுமக்களுக்கு அமைத்தது. சுன் முறையில் உயரமாகவே நிற்பார்கள், முழங்காலை அதிகம் மடக்க வேண்டாம். அதனால் மூட்டுவலிக்காரர்களுக்காக 1990களில் அமைத்த ஒரு பயிற்சிக்கு அதையே அடிப்படையாக எடுத்தார்கள். பயிற்றுவிப்பிலும் வித்தியாசம் உண்டு. சில ஆசிரியர்கள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கவே வைப்பார்கள். சிலர் நேரே அசைவு வரிசைக்குப் போவார்கள். சிலர் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திக் கையோடு கை வைத்துத் தள்ளப் பழக்குவார்கள்.

"ஏழாம் அறிவு" படம் பார்த்தவர்கள் இப்போது போதிதர்மரைக் கேட்பீர்கள், தெரியும். அவர் பெயரோடு கதைகள் சேர்த்துச் சொல்வது ஷாலின் கலையை. தாய் சி வேறு வம்சம். காஞ்சிபுரத்துக்குப் பெருமை சேர்க்க வேறு எவ்வளவோ இருக்கிறது.

தாய் சியை இங்கே இழுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. வயதானவர்கள் கீழே விழுவதைக் குறைக்க எந்தப் பயிற்சி உதவும் என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2019இல் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. சமநிலைப் பயிற்சிகள் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைக்கின்றன. தாய் சியும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைக்கக்கூடும் என்கிறது. நம் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோகிற நாளில் மாடிப்படி ஏறுகிற பெரியம்மாக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தலைகீழாக நிற்கத் தெரிய வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை தடுமாறாமல் நிற்க வந்தால் போதும்.

மனவளக்கலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலர் அதை "கிழவர்கள் எக்சர்சைஸ்" என்று குழுவில் எழுதியிருந்தார்கள். வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்த உடம்பு என்ன பாடுபடும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்தல், அக்குபிரஷர், தளர்த்தல் என்று ஒன்பது பகுதி. எதிலும் சாகசம் கிடையாது. வேலைக்குப் போகிற சாதாரண ஆள் தினமும் செய்யத்தக்கது என்பதுதான் அதன் கணக்கு. மூட்டு தளர அது நல்லது. ஆனால் படுத்தும் உட்கார்ந்தும் செய்வது அதில் அதிகம், நின்று சமநிலை பழகுவது குறைவு. அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இனி நம் ஆட்களைப் பார்ப்போம். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் பட்டாசு ஆலையிலோ பிரஸ்ஸிலோ வேலை பார்க்கிறீர்கள். ஆலையில் நாள் முழுக்கத் தரையில் காலை மடக்கி, முன்னால் குனிந்து உட்கார்ந்தே வேலை. அந்த அக்காமார்களை மாலையில் கூப்பிட்டு மறுபடியும் முன்னால் குனிகிற ஆசனமாக வரிசையாகச் செய்யச் சொன்னால் முதுகு எதற்கு ஒத்துழைக்கும்? அவர்களுக்குப் பின்னால் வளைகிறதும், நெஞ்சை விரிக்கிறதும், காலை நீட்டுகிறதும் முதலில். பிரஸ்ஸில் மிஷின் பக்கம் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு நேர்மாறு. காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துப் படுப்பதே பாதி வைத்தியம். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வந்த பிறகு காலண்டர் வேலை சூடுபிடித்தால் பிரஸ்காரர்கள் வகுப்புப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார்கள். அதையும் கணக்கில் எடுத்துத்தான் நேரம் வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தாவட்டும், குதிக்கட்டும். ஜோயிஸ் முறை அவர்களுக்குத்தான். ஆனால் டி.வி.யைப் பார்த்து வேண்டாம். வீடியோவில் வருகிற ஆள் உங்கள் முழங்கால் கோணுவதைப் பார்க்க மாட்டார்.

எனவே எந்த முறை என்று ஓட்டுப் போடுவதை விட்டுவிட்டு, வரப்போகிற ஆசிரியரைச் சோதிப்போம் என்கிறேன். முதல் நாள் அவர் பாயை விரிக்கச் சொல்கிறாரா, அல்லது உங்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆபரேஷன், பிரசவம் பற்றிக் கேட்கிறாரா? க்ளாக்கோமா உள்ளவர்கள் தலைகீழ் ஆசனம் செய்தால் கண் அழுத்தம் ஏறும். அதைக் கேட்காமலே சிரசாசனம் சொல்லித்தருகிறவர் எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் நமக்கு வேண்டாம். முழங்கால் வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால், "கொஞ்சம் தாங்கிக்கோங்க, பழகிடும்" என்கிறாரா, "சரி, உங்களுக்கு நாற்காலி" என்கிறாரா? இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் நம் அக்காவின் இரண்டு வாரப் படுக்கை இருக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்றும் கேளுங்கள். நாற்பது பேர் என்றால் அவர் பார்க்கப்போவது முன்வரிசையை மட்டும்தான். என் அனுபவத்தில் ஒரு ஆளுக்குப் பதினைந்துக்கு மேல் தாங்காது. பள்ளிக்கூடத்தில் அறுபது பேரை வைத்து மேய்த்தவன் சொல்கிறேன், அது பயிற்சி இல்லை, காவல்.

செயற்குழுவிடம் நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். காலை ஐந்தரை மணிக்குப் பெரியவர்களுக்கு முக்கால் மணி நேரம். மனவளக்கலையோடு கடைசிப் பத்து நிமிஷம் சுவரைப் பிடித்து நின்று சமநிலைப் பயிற்சி. மாலை ஆறரைக்கு ஆலையிலும் பிரஸ்ஸிலும் இருந்து திரும்புகிறவர்களுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு. மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர் உயரம் பற்றாது, பனி விழுந்த நாளில் தளமும் வழுக்கும். ஹாலுக்குக் கை வைக்காத நாற்காலி பன்னிரண்டு தேவை. கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும், இரும்பு நாற்காலிதான் வாங்க வேண்டும். பொருளாளர் இப்போதே முகத்தைச் சுருக்குகிறார், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், வயது, வேலை, எங்கே வலிக்கிறது, எந்த நேரம் வசதி என்று நாலு வரி எழுதுங்கள். வலியைக் குழுவில் போட வேண்டாம், நோட்டில் எழுதக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி என் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசிக்குள் எழுதினால் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை தொடங்கிவிடலாம்.